ஏழாம் விளக்கு

லிஃப்ட் பழுது பார்க்கும் யெஃபிம் ராய்ட்மனுக்கு அந்த அக்டோபரில் அறுபது வயது முடிந்தது. போர் தொடங்கியதிலிருந்து அறுபதுக்குக் கீழே உள்ள ஆண்கள் நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. அறுபது முடிந்தவர்கள் போகலாம். அவருடைய மனைவி லரீசா மார்ச் மாதமே உக்ரைனின் ஒதேசாவிலிருந்து பஸ் ஏறி, மல்தோவா வழியாக, இஸ்ரேலில் ஹைஃபாவில் இருக்கும் மகள் இன்னாவிடம் போய்விட்டாள். பிறந்தநாளன்று போனில் வாழ்த்துக்கு முன்பாகவே, இனி உன்னைப் பிடித்து வைக்க ஆளில்லை, பெட்டியைக் கட்டு என்றாள். நவம்பரில் வருகிறேன் என்றார் யெஃபிம். நவம்பர் வந்ததும் டிசம்பர் என்றார். டிசம்பரில், குளிர் கொஞ்சம் குறையட்டும் என்றார்.

சொல்வதற்குக் காரணம் இல்லாமலில்லை. போருக்கு முன் ஒதேசாவின் தைரோவா பகுதியின் பதினாறு மாடிக் கட்டடங்களுக்கு ஆறு மெக்கானிக்குகள் இருந்தார்கள். மூன்று பேர் படையில் சேர்ந்துவிட்டார்கள், ஒருவன் போலந்தில் எங்கோ கிடங்கில் வேலை செய்கிறான். மிஞ்சியது எல்லோரும் ஃபீமா என்று கூப்பிடும் யெஃபிமும் ஸ்தாஸும். இலையுதிர்காலம் முடிவதற்குள் மின் நிலையங்களின் மேல் ஏவுகணைகள் விழ ஆரம்பித்தன. மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. போகிற ஒவ்வொரு முறையும் எங்காவது இரண்டு மாடிகளுக்கு நடுவில் ஒரு லிஃப்ட் பெட்டிக்குள் யாராவது மாட்டிக்கொண்டார்கள். குடியிருப்புக்காரர்களே லிஃப்டுக்குள் ஒரு அட்டைப்பெட்டி வைத்துவிட்டார்கள். அதில் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், ஒரு டார்ச், அவசரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி.

டிசம்பர் மூன்றாவது வாரம் ஸ்தாஸ் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். அவனுடைய சபையில் எப்போதும் ஜனவரி ஏழாம் தேதிதான் கிறிஸ்துமஸ். இந்த வருஷம் பாதிப் பேர், எதிரியோடு ஒரே நாளில் கொண்டாட மாட்டோம் என்று டிசம்பர் இருபத்தைந்துக்கு மாறிவிட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரி இருபத்தஞ்சுங்கிறா. மாமியா ஏழாம் தேதிதான்னு ஒத்தக் கால்ல நிக்குது. ரெண்டுக்கும் நான் வீட்ல இல்லேன்னா ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பொதச்சிடுவாங்க, ஃபீமா."

"அப்ப இந்த வருஷம் இயேசு ரெண்டு தடவ பொறக்கறாரு. ரெண்டு தடவையும் நான் டூட்டி."

"உங்க ஆளுதானே அவரு. நீ பாத்துக்காம யாரு பாத்துப்பா?"

முப்பது வருஷமாக இது இப்படித்தான் நடக்கிறது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாவற்றுக்கும் யூதன் ஃபீமா டூட்டி பார்ப்பான். யெஃபிமுக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. அந்த நாட்களில் கட்டடங்களின் படிக்கட்டுகளில் ஏறும்போது ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலிருந்தும் ஒவ்வொரு வாசனை வரும். யாராவது கூப்பிட்டு ஒரு கோப்பை கொடுப்பார்கள். குடித்துவிட்டு வாழ்த்துச் சொல்லி இறங்கிவிடுவார். வீட்டில் லரீசா காத்திருப்பாள். அதனால் மற்றவர் பண்டிகையை வாசலில் நின்று பார்ப்பது சுலபமாக இருந்தது.

அவருக்கென்று இருந்த பண்டிகை எது என்று கேட்டால் அவரால் உடனே சொல்ல முடியாது. சின்ன வயதில் எல்லா வீடுகளையும் போல அவர்கள் வீட்டிலும் புத்தாண்டு மரம்தான். சோவியத் காலத்தில் அது ஒன்றுதான் யாரையும் எந்த மதம் என்று கேட்காத பண்டிகை. குளிர்காலத்தில் ஏதோ ஒரு நாள் மாலை அப்பா அவர் கையில் ஒரு நாணயத்தை வைத்து மூடுவார். எதற்கு என்று கேட்டால், வச்சுக்கோ, வெளியே சொல்லாதே என்பார். அது ஹனுக்கா என்னும் யூதப் பண்டிகை என்பதும், எட்டு நாள் விளக்கேற்ற வேண்டும் என்பதும் நாற்பது வயதில், சோவியத் உடைந்து நாடு மாறிய பிறகு, யூதச் சமூகக்கூடத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். மற்றவற்றை ஏற்றுவதற்கென்று தனியாக ஒன்று. அந்த வெளிச்சத்தில் எந்த வேலையும் செய்யக்கூடாது, படிக்கக்கூடாது, தைக்கக்கூடாது. பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். தெருவில் போகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி ஜன்னலில் வைக்க வேண்டும். பழைய காலத்தில் நடந்த ஓர் அற்புதத்தை ஊருக்கு அறிவிப்பதற்காக.

அந்த வருஷம் டிசம்பர் பதினெட்டாம் தேதி மாலை தொடங்கியது. யெஃபிம் சமையலறை ஜன்னலில் முதல் விளக்கை ஏற்றிவிட்டு, கீழே இறங்கிப்போய் முற்றத்திலிருந்து அண்ணாந்து பார்த்தார். கட்டடம் முழுக்க இருட்டு. எல்லா ஜன்னல்களிலும் மெழுகுவத்தி. எதிர் வீட்டில் உருளைக்கிழங்கு உரிக்கிறார்கள், மூன்றாம் மாடியில் குழந்தை வீட்டுப்பாடம் எழுதுகிறது. அவருடைய ஜன்னலும் அவற்றில் ஒன்றாக இருந்தது. யாருக்கும் எதுவும் அறிவித்ததாகத் தெரியவில்லை. குளிர் தாங்காமல் மேலே ஏறினார்.

தினமும் அந்த நேரத்தில் ஹைஃபாவிலிருந்து அழைப்பு வரும். போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொண்டு அவர் இங்கே ஏற்றுவார். அங்கே இன்னாவும் மாப்பிள்ளையும் பேரனும் ஏற்றிப் பாட ஆரம்பிப்பார்கள். பாட்டின் நடுவில் படம் உறைந்துவிடும். பேரனின் வாய் திறந்தபடி நிற்கும். யெஃபிம் சற்று நேரம் அந்தத் திறந்த வாயையே பார்த்திருந்துவிட்டுப் போனை அணைத்துவிடுவார். பேட்டரி மிச்சம்.

இருபத்துநான்காம் தேதி சனிக்கிழமை, ஏழாம் விளக்குக்குரிய நாள். சனிக்கிழமை வேலை செய்யக்கூடாது என்பதை அவர் ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை. லிஃப்ட் மெக்கானிக்கை ஆண்டவர் கணக்கில் சேர்க்க மாட்டார் என்று லரீசாவிடம் சொல்லுவார். வேலை முடிய நேரமானால் டூட்டி அறையிலேயே ஏற்றிவிடலாம் என்று மீதமிருந்த மெழுகுவத்திகளைப் பெட்டியோடு கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனார். விரல் நீளம்கூட இல்லாத, அரைமணி நேரம் எரிகிற சின்ன மெழுகுவத்திகள். சமூகக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தவை.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு கட்டடத்தின் காவல்காரி போன் செய்தாள். லிஃப்ட் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நிற்கிறது, உள்ளே ஆள் இருக்கிறான் என்றாள். எவ்வளவு நேரமாக என்று கேட்டார் யெஃபிம். அதுதான் தெரியவில்லை, கத்தவே இல்லை, கூப்பிட்டால் பதில் மட்டும் சொல்கிறான், எனக்கென்னவோ பயமாக இருக்கிறது என்றாள்.

ஒன்பதாம் மாடிக்கு ஏறி, சாவி போட்டு வெளிக்கதவைத் திறந்தார். லிஃப்ட் பெட்டியின் மேற்பகுதி அவருடைய முழங்கால் உயரத்தில் நின்றது. கூரைக்குக் கீழே ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி. டார்ச்சை அடித்துப் பார்த்தார். படைச் சீருடையில் ஓர் இளைஞன் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பெரிய துணிப் பை. வெளிச்சம் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒரு பிஸ்கட் எடுத்துக்கிட்டேன். பரவால்லையா ஐயா?"

எடுத்துக்கொள்ளத்தான் வைத்திருக்கிறது என்றார் யெஃபிம். பிறகு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். நான் மேலே இயந்திர அறைக்குப் போய்க் கையாலே சக்கரத்தைச் சுற்றி உன்னை எட்டாம் மாடிக்கு இறக்குகிறேன், கொஞ்சம் குலுங்கும், பயப்படாதே.

"அவசரமில்ல ஐயா. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."

இத்தனை வருஷ வேலையில் யெஃபிம் லிஃப்டுக்குள்ளிருந்து எல்லா விதமான வசவுகளையும் கேட்டிருக்கிறார். அழுகையைக் கேட்டிருக்கிறார். ஒருமுறை உள்ளேயிருந்த இருவரின் கல்யாணப் பேச்சே முடிந்திருக்கிறது. அவசரமில்லை என்று யாரும் சொன்னதில்லை. அவர் கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். டார்ச்சையும் அணைத்தார்.

பையனின் பெயர் நஸார். பொல்தாவா பக்கம் ஏதோ கிராமம். மூன்று நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. அதில் வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்திருக்கிறான். பதினான்காம் மாடியில் ஸோயா பவ்லிவ்னா என்று ஓர் அம்மா இருக்கிறாள். அவளுடைய மகன் யாரிக் இவனோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவன். அக்டோபரில் இறந்துபோனான். அவனுடைய சாமான்கள்தான் அந்தப் பையில். அந்த அம்மா ஒரு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பண்டிகைக்காவது வா என்றாள்.

"நீ பக்கத்துல இருந்தியா?" என்று கேட்டார் யெஃபிம்.

"இருந்தேன். அந்த அம்மாகிட்ட, உடனே போயிட்டான், வலியே தெரியலன்னு சொல்லியிருக்கேன். போன்ல சொல்றது ஈஸி. மூஞ்சியப் பாத்துச் சொல்லணுமே. கரண்ட் போச்சு, லிஃப்ட் நின்னுச்சு. நல்லதாப் போச்சுன்னு உக்காந்துட்டேன்."

கீழே யாரோ ஜெனரேட்டரை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள், அது இருமிவிட்டு நின்றுபோனது. நஸார், நீங்களா இருந்தா என்ன செய்வீங்க என்று கேட்டான்.

"நான் லிஃப்ட்காரன்பா. ஆள மேல கொண்டு விடறதுதான் தெரியும். அங்க போய் என்ன பேசறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

உள்ளே பையன் லேசாகச் சிரித்த சத்தம் கேட்டது. பிறகு, சரி, இறக்குங்க என்றான்.

பதினாறாம் மாடிக்கு மேலே இருந்த இயந்திர அறைக்கு ஏறி, இருவர் செய்ய வேண்டிய வேலையை ஒருவராகச் செய்தார். பிரேக் நெம்புகோலை முழங்காலால் அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் சக்கரத்தைத் திருப்பினார். திரும்பி எட்டாம் மாடிக்கு இறங்கி வந்து கதவைத் திறந்தபோது நஸார் பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தான். வெளியே வந்ததும் படிக்கட்டைப் பார்த்தான். மேலே போகிற படியையும் கீழே போகிற படியையும்.

"கதவு வரைக்கும் கூட வரீங்களா?"

போனார். பதினான்காம் மாடியில் பையன் கையை உயர்த்திவிட்டுத் தட்டாமல் நின்றான். யெஃபிம்தான் தட்டினார்.

ஸோயா பவ்லிவ்னாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலையை வாரி, வெள்ளைப் பூவேலைச் சட்டை போட்டிருந்தாள். மேலே கம்பளி. நஸாரை ஒரு கணம் பார்த்துவிட்டு, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, குனிய வைத்து நெற்றியில் முத்தமிட்டாள். அழவில்லை. யெஃபிம் நழுவப் பார்த்தார். நான் லிஃப்ட் மெக்கானிக், வேலை முடிந்தது என்றார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இந்த மாலையில் வாசலுக்கு வந்தவரை அனுப்பக்கூடாது என்றாள் அவள். யெஃபிமுக்கும் அது தெரியும். முப்பது வருஷ டூட்டியில் தெரியாமல் இருக்குமா. ஆனாலும் அவர், நான் யூதன் என்று தயங்கிச் சொன்னார். அதைச் சொல்ல வேண்டியிருந்ததே என்று உடனே கூச்சமாக இருந்தது.

"அதனாலென்ன. இன்னைக்குக் கறி கெடையாது. எல்லாம் விரதச் சாப்பாடு. உங்களுக்கும் ஆகும், உக்காருங்க."

மேசையில் ஒரே ஒரு மெழுகுவத்தி ரொட்டியில் குத்தி எரிந்துகொண்டிருந்தது. அவள் ஒருத்தியாகக் கேஸ் அடுப்பில் பன்னிரண்டு வகை சமைத்திருந்தாள். அவித்த கோதுமையில் தேனும் கசகசாவும் போட்ட குத்யா, பீட்ரூட் சூப், மீன், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை, உலர்ந்த பழங்களை வேகவைத்த பானம். ஜன்னலோரம் ஒரு தட்டு, கரண்டி, கோப்பை. அதன் முன் நாற்காலியில் யாரும் உட்காரக்கூடாது என்பதைக் கேட்காமலே இருவரும் புரிந்துகொண்டார்கள். அவள் எழுந்து நின்று பிரார்த்தனை சொல்லி, சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். நஸாரும் போட்டான். யெஃபிம் எழுந்து நின்றார். கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் சாப்பிட்டார்கள். பிறகு ஸோயா கரண்டியை வைத்துவிட்டு, சொல்லு என்றாள்.

நஸார் சொன்னான். குண்டு விழுந்ததாகவும், அந்த நொடியே எல்லாம் முடிந்ததாகவும், அவனுக்கு எதுவும் தெரிந்திருக்காது என்றும் தட்டைப் பார்த்தபடி ஒப்பித்தான்.

"கமாண்டர் சொன்னதையே நீயும் சொல்றே. என் புள்ளைய எனக்குத் தெரியும்பா. ஒரு வேலையையும் அவன் சட்டுன்னு முடிச்சதில்ல. ஷூ லேஸ் கட்டவே கால்மணி நேரம் ஆகும். அவன் எப்படி ஒரு நொடியில போவான்?"

ரொட்டியில் குத்தியிருந்த மெழுகுவத்தி துடித்துத் துடித்து அணைந்துபோனது. வேறு மெழுகுவத்தி இல்லை, கடையில் கிடைக்கவில்லை, போனிலும் பேட்டரி இல்லை என்று இருட்டில் அவள் சொன்னாள். பையன் மூச்சு விடுவது கேட்டது. யெஃபிமின் டார்ச் வாசலில் கருவிப் பையில் இருந்தது. எடுத்து வந்து மேசைமேல் வைத்தால் விசாரணை அறை மாதிரி ஆகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. கோட்டுப் பையில் கை விட்டு அந்தப் பெட்டியை எடுத்தார். ஒன்றை ஏற்றி, மெழுகைச் சொட்டி, ஒரு சிறு தட்டில் நிறுத்தினார்.

அதன் பிறகு நஸார் உண்மையைச் சொன்னான். காலையில் அடிபட்டது. வயிற்றில். இருவரும் ஒரு வீட்டின் நிலவறையில் இருந்தார்கள். வண்டி வர முடியவில்லை, ரோடு முழுக்கச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரிக் மாலை வரை இருந்தான். நிறையப் பேசினான். அம்மாவிடம் காருக்காகச் சண்டை போட்டதைச் சொன்னான். குத்யாவில் திராட்சை போட வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டாள் என்று சொன்னான். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒரு பெண்ணின் பெயரை மறந்துவிட்டு, அதைக் கண்டுபிடிக்க வெகுநேரம் முயன்றான்.

"ஒக்ஸானா," என்றாள் ஸோயா.

"அதுதான். அவனுக்குக் கடைசி வரைக்கும் ஞாபகம் வரல."

மெழுகுவத்தி முடியும் தறுவாயில் யெஃபிம் அடுத்ததை அதிலிருந்து ஏற்றினார். அது முடிகையில் அடுத்தது. அந்த வேலை ஒன்றுதான் அந்த அறையில் அவருக்கு இருந்தது. இந்த வெளிச்சத்தில் வேலை செய்யக்கூடாது என்று சமூகக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. இங்கே நடப்பது வேலையா என்று யோசித்தார். கேட்பதற்கு ஆள் இல்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த மேசையில் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்றும் பட்டது, ஆனாலும் எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும் போல இருந்தது. எந்த வீட்டுக்கு என்று யோசித்தபோது கையிலிருந்த தீக்குச்சி சுட்டது.

நஸார் நிறுத்திவிட்டான். இன்னும் இருக்கிறது என்பது மூவருக்கும் தெரிந்தது.

"தண்ணி கேட்டான்மா," என்றான் கடைசியில். "மத்தியானத்துலேர்ந்து அதையேதான் கேட்டான். வயித்துல அடிபட்டா தண்ணி குடுக்கக்கூடாதுன்னு வயர்லெஸ்ல டாக்டர் சொன்னாரு. நான் குடுக்கல. உதட்ட மட்டும் ஈரத்துணியால தொடச்சேன். அவன் கெஞ்சினான். என்னைத் திட்டினான். என்கிட்ட பாட்டில் நெறையத் தண்ணி இருந்துச்சு. எப்படியும் போகத்தான் போறான்னு தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பேன். தெரியலம்மா."

ஸோயா எழுந்து சமையலறைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. குழாய் திறக்கிற சத்தம்கூட இல்லை, மின்சாரம் இல்லாமல் அந்த உயரத்துக்குத் தண்ணீர் ஏறாது. நஸார் மேசைமேல் கைகளை வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தான். யெஃபிம் அவனுடைய முதுகைத் தொடலாமா என்று நினைத்துத் தொடாமல் இருந்துவிட்டார்.

அவள் ஒரு பெரிய ஜாடியோடு வந்தாள். ஜன்னலோரம் இருந்த மகனின் கோப்பையை எடுத்து, பழப் பானத்தை விளிம்பு வரை ஊற்றி, நஸாரின் முன்னால் வைத்தாள்.

"குடி."

அவன் தலையை ஆட்டினான்.

"நான் குடுக்கறேன். குடி."

அவன் குடித்தான். அவள் மறுபடி ஊற்றினாள். அதையும் குடித்தான். மூன்றாம் முறை ஊற்றும்போது பானம் மேசை விரிப்பில் சிந்தியது. அவன் அந்த ஈரத்தில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். அவள் அவன் தலைமேல் கை வைத்தபடி நின்றாள். அவளுடைய முகத்தில் மன்னிப்பு இருந்ததா, கோபம் இருந்ததா என்று யெஃபிமால் சொல்ல முடியவில்லை. களைப்பு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அவர் மிச்சமிருந்த மெழுகுவத்திகளைப் பெட்டியோடு தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தார். ஸோயா வாசல்வரை வந்தாள். ஒரு டப்பாவில் கொழுக்கட்டைகளைப் போட்டுக் கொடுத்தாள். இவ்வளவு சின்ன மெழுகுவத்தி எங்கே கிடைக்கிறது என்று கேட்டாள். தெரிந்தவர்கள் கொடுத்தார்கள் என்றார் யெஃபிம். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று படி இறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் வெவ்வேறு பதில் தோன்றியது.

வீடு வந்து சேர்ந்தபோது போனில் ஹைஃபாவிலிருந்து பல அழைப்புகள் தவறியிருந்தன. கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்து கூப்பிட்டார். அன்று படம் வரவே இல்லை, குரல் மட்டும் தெளிவாக இருந்தது. பக்கத்து அறையில் பேரன் எதையோ உருட்டி விளையாடும் சத்தம்.

"எங்க போய்த் தொலஞ்சே? ஏழாவது ஏத்தினியா?" என்றாள் லரீசா.

"இல்ல. மெழுகுவத்தி எல்லாம் ஒருத்தர் வீட்ல குடுத்துட்டேன்."

ஏன் என்று கேட்டாள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவனைப் பற்றியும் அந்தம்மாவைப் பற்றியும் சொன்னார். தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை. அது தன்னுடையது இல்லை, சொல்வதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது. லரீசா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பாவம் என்றாள். பிறகு வழக்கம்போல, ஜனவரி கடைசியில் டிக்கெட் விலை குறையுமாம், இன்னா பார்த்துவைத்திருக்கிறாள் என்று ஆரம்பித்தாள்.

யெஃபிம் வழக்கம்போலப் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தார். அந்த வார்த்தை வரவில்லை. தட்டைப் பார்த்தபடி ஒப்பித்த அந்தப் பையனின் குரல் காதில் இருந்தது.

"லாரா, நான் வரல."

"ஜனவரில வேண்டாம்னா பிப்ரவரி..."

"பிப்ரவரியிலயும் இல்ல. வேலை இருக்கு, ஆளில்லன்னு சொல்லிட்டே இருந்தேன். அது பொய்யில்ல, ஆனா அது மட்டும் இல்ல. எனக்கு அங்க வரப் பிடிக்கல. உன்னைப் பாக்கணும்னு தெனம் இருக்கு. ஆனா வரப் பிடிக்கல. ஏன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தார். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கதவு மூடுகிற சத்தம் வந்தது. அவள் பால்கனிக்குப் போயிருக்க வேண்டும். பின்னால் வண்டிகளின் இரைச்சல் கேட்டது.

"தெரியும் ஃபீமா," என்றாள். "ஒன் பொறந்தநாள் அன்னைக்கே தெரியும். நீ நவம்பர்னு சொன்ன சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு. நீயா சொல்லுவேன்னு பாத்துட்டு இருந்தேன். நானும் ஒண்ணு சொல்லணும். இங்க ஒரு பள்ளிக்கூட கேன்டீன்ல வேலைக்குச் சேர்ந்துட்டேன். ஒரு மாசம் ஆச்சு. போர் முடிஞ்சா திரும்பி வருவேனான்னு கேட்டா, வருவேன்னு சொல்ல முடியல. அந்தச் சைரன் சத்தம் இங்க வண்டி ஹார்ன் அடிச்சாகூட எனக்குக் கேக்குது."

"சரி," என்றார் யெஃபிம்.

"என்ன சரி?"

"சரின்னா, கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம். கோவமில்ல."

"எனக்கு இருக்கு கொஞ்சம்," என்றாள் லரீசா. ஆனால் குரலில் கோபம் இல்லை. முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த பழக்கத்தில், சாப்பிட்டாயா என்று கேட்டாள். கொழுக்கட்டை இருக்கிறது என்றார். சூடு பண்ணிச் சாப்பிடு, குளிர்ந்ததைத் தின்றால் உனக்கு வயிறு எரியும் என்றாள். நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அவர் கொழுக்கட்டைகளை வாணலியில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தபோது மின்சாரம் வந்தது. முற்றம் முழுக்க ஜன்னல்களிலிருந்து ஆவென்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. ஃபிரிட்ஜ் உதறிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. எந்த அறையின் சுவிட்சை எப்போது போட்டு மறந்தாரோ, வீட்டில் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. நடைவழி, கூடம், குளியலறை, பத்து வருஷமாக யாரும் தூங்காத இன்னாவின் அறை எல்லாம் வெளிச்சம். யெஃபிம் அடுப்பைக் குறைத்துவிட்டு ஒவ்வோர் அறையாகப் போய் அணைத்தார். இன்னாவின் அறையில் மட்டும் சற்று நின்று, ஜன்னல் ஒழுங்காகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு போனையும் டார்ச்சையும் சார்ஜில் போட்டார். தண்ணீர் வந்திருந்ததால் வாளிகளை நிரப்பினார். சட்டையைத் துவைத்து ரேடியேட்டர்மேல் விரித்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு டூட்டி.

மே மாதம் லரீசா பத்து நாள் வந்து தங்கினாள். ஜன்னல் திரைகளை எல்லாம் கழற்றித் துவைத்து மாட்டினாள், அவருடைய பற்களுக்கு டாக்டரைப் பார்க்க வைத்தாள், இருவரும் ஒருநாள் கடற்கரை வரை போய், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். திரும்பிப் போகிற அன்று பஸ் நிலையத்தில் அவள் ஜன்னலோர இடம் கிடைத்ததா என்று மட்டும் கவலைப்பட்டாள். கிடைத்தது. பஸ் கிளம்பும்போது லிஃப்ட் புகார்களை வாங்கும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு வந்தது, யெஃபிம் ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டினார்.